புதுப்பிப்பு: ப்ளைவுட் கருகல் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்தது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். என் சின்ன சிஎன்சியில் (கணினி சொல்லும் வழியில் நகர்ந்து வெட்டும் இயந்திரம்) 6 மி.மீ. ப்ளைவுட்டில் எழுத்து வெட்டினால் மேல் ஓரமெல்லாம் பிசிறு, பக்கச்சுவர் கருகல், ஒருமுறை லேசான புகை வேறு. "நகரும் வேகத்தைக் குறை" என்றார்கள் சிலர். குறைத்தேன், கருகல் கூடியது!

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 18,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுழற்சி), இரண்டு பல் பிட் (சுழன்று வெட்டும் முனை), நிமிடத்துக்கு 500 மி.மீ. நகர்வு. வகுத்துப் பார்த்தால் ஒரு பல் சீவுவது வெறும் 0.014 மி.மீ. பிட் வெட்டவே இல்லை, மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சூடாகாமல் என்ன செய்யும்? இப்போது 10,000 ஆர்பிஎம், 900 மி.மீ. பல்லுக்கு 0.045 வருகிறது. மாவு மாதிரித் தூள் போய் சின்னச் சின்னச் சீவல் விழுகிறது, பிட்டும் தொட்டால் சுடுவதில்லை (பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் நின்ற பிறகுதான் தொட்டேன், பயப்படாதீர்கள்).

பிசிறுக்கு டவுன்கட் பிட் வாங்கினேன். மேல் இழையைக் கீழ்நோக்கி அழுத்தியே வெட்டுவதால் மேல் ஓரம் சுத்தம். ஆனால் தூளையும் அதே பள்ளத்தில் திணிக்கிறது. சூடு மறுபடி ஏறாமலிருக்க, ஒரு சுற்றுக்கு (எழுத்தை ஒருமுறை முழுக்க வெட்டி வருவது) 1.5 மி.மீ. ஆழம் மட்டும், வாக்குவம் குழாய் பக்கத்திலேயே.

இன்னொன்று: கடைசிச் சுற்றில் 'ஓ' எழுத்தின் நடுத்துண்டு கழன்று பிட்டில் பட்டுத் தெறித்தது. கண்ணாடி போட்டிருந்தேன், சரி. இப்போது துண்டைப் பிடித்துக்கொள்ள மூன்று இடத்தில் 1 மி.மீ. கனத்துக்கு வெட்டாமல் விடுகிறேன், பிறகு உளியால் எடுத்துவிடலாம்.

கீழ் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் பிசிறு இருக்கிறது. அடிப்பலகையைச் சமப்படுத்திவிட்டு மறுபடி எழுதுகிறேன்.