வேலாப்போடியார் பேரப்புள்ளயள்

கல்லடி சின்னம்மா: ஆரும் முழிச்சி இரிக்கிறீங்களா? அரசாங்கம் குடுக்கிற அம்மாட முதியோர் காசு இந்த முறையும் கிடைக்கல்ல. காசு எடுக்கிற இடத்துல பெருவிரல் அடையாளம் விழல்லயாம். பன்பாய் இழைச்சு இழைச்சு ரேகையெல்லாம் தேஞ்சி வழவழ எண்டு இரிக்கி. அங்க இருந்த பொடியன் முகத்தக் கூடப் பாக்காம "ஆரையாவது கூட்டித்து வாங்க" எண்டானாம்

சுகி: ஆர் அவன்

ரஜனி பெரியம்மா: வெயிலுக்குள்ள ஏன் தனிய விட்ட நீ

கல்லடி சின்னம்மா: நான் ஸ்கூல்ல அக்கா

ரஜனி பெரியம்மா: வீடு எழுதக்குள்ள மட்டும் லீவு கிடைச்ச

கல்லடி சின்னம்மா: அம்மா உசிரோட இரிக்கும் வரைக்கும் அவவுக்கு வீட்டுல சீவிய உருத்து வெச்சித்தான் எழுதின. உறுதிய எடுத்துப் பாருங்க

சுகி: தொடங்கிட்டாங்க

கார்டிஃப் மாமா: எல்லாரும் இத வாசிங்க, இஞ்ச வேல்ஸ்ல 2006ல சட்டம் போட்டு முதியோருக்கெண்டே தனி ஆணையாளர் ஒராள வெச்சிரிக்காங்க, 2008ல முதல் ஆள் வந்த, 60 வயசுக்கு மேல ஆரும் அங்க முறையிடலாம், கவுன்சில் ஆஸ்பத்திரி எல்லாத்தையும் ஏன் இப்பிடிச் செஞ்சீங்க எண்டு கேக்க ஏலும், முதியோர் இல்லத்துக்குள்ள போய் அங்க இரிக்கிற ஆக்களோட கதைக்கவும் அதிகாரம் இரிக்கி, சம்பளம் அரசாங்கத்துட ஆனா கேள்வி அரசாங்கத்துக்கே, வட அயர்லாந்திலயும் 2011ல சட்டம் வந்து ஆள் போட்டாங்க, இங்கிலாந்துக்கு இன்னும் இல்ல, நம்மட இலங்கைக்கும் இப்பிடி ஒராள் வேணும்

சுகி: மாமா, திங்கள் அம்மம்மாவ ஆரு கூட்டித்துப் போற

தர்ஷி: நம்மளுக்கும் முதியோர் உரிமைக்கெண்டு 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் இரிக்கி மாமா. முதியோர் தேசிய சபை, பராமரிப்புச் சபை எல்லாம் அதுலதான் வந்த. பிரதேச செயலகத்துல முதியோர் உரிமைக்கெண்டு உத்தியோகத்தரும் இரிக்காங்க

கார்டிஃப் மாமா: அமைச்சுக்குக் கீழதானே மகள் எல்லாம்? அமைச்சில பிழையெண்டா அவங்க வாய் திறப்பாங்களா? ஒரு மனு எழுதுவம்

குமார் மச்சான்: வாவி நண்டு வந்திரிக்கி. ஆருக்கு வேணும்

சுகி: எனக்கு 2 கிலோ

ரஜனி பெரியம்மா: முட்டை நண்டா குமார்? தர்ஷி, பராமரிப்புச் சபை எண்டா என்ன

தர்ஷி: புள்ளயள் பாக்கல்ல எண்டா தாய் தகப்பன் அங்க முறைப்பாடு குடுக்கலாம் பெரியம்மா. விசாரிச்சு, மாசம் இவ்வளவு குடுக்கணும் எண்டு கட்டளை போடுவாங்க

ரஜனி பெரியம்மா: அப்ப கார்டிஃப்புக்கும் கடுதாசி வருமா

சுகி: ஹாஹா

கார்டிஃப் மாமா: அக்கா நான் மார்கழில அனுப்பினதானே

கல்லடி சின்னம்மா: எந்த மார்கழி

குமார் மச்சான்: முட்டை இல்ல மாமி. சதை நல்லம்

தர்ஷி: சின்னம்மா, முதல்ல ஜீஎஸ்ஸோட, கிராம சேவகரோட, ஒருக்கா கதைங்க. ஐடென்டி காட், முதியோர் அடையாள அட்டை, பாங்க் புத்தகம் எல்லாத்துக்கும் போட்டோக்கொப்பி எடுங்க. விரல் விழல்ல எண்டத எழுதியும் குடுங்க, வாயால சொன்னா ஒரு இடத்துலயும் பதியாது

கார்டிஃப் மாமா: அதத்தான் நானும் சொல்ற. கேக்கிறதுக்கு ஒராள் இல்ல

கல்லடி சின்னம்மா: அம்மா பக்கத்துல இருந்து கேட்டுக்கொண்டுதான் இரிக்கா. மனு ஒண்டும் வேணாமாம், அந்தப் பொடியன் ஆர்ட மகன் எண்டு விசாரிக்கட்டாம்

சுகி: அம்மம்மாதான் ஆணையாளர்

ரஜனி பெரியம்மா: தாய் ஆரெண்டு நான் கேட்டுச் சொல்றன்

கல்லடி சின்னம்மா: கதைய விடுங்க, திங்கள் ஓட்டோ வருமா

சுகி: திங்கள் ஹயர் இரிக்கி. செவ்வாய்?

கல்லடி சின்னம்மா: செவ்வாய்க்கிழம அம்மா படி இறங்க மாட்டா

கார்டிஃப் மாமா: மனு டிராப்ட் அனுப்பிரிக்கன், 4 பக்கம். எல்லாரும் வாசிச்சுப்போட்டு பேர் போடுங்க

ரஜனி பெரியம்மா: கண்ணாடி இல்ல

தர்ஷி: புதன் எனக்கு லீவு கிடைக்குமா எண்டு பாக்கன்