டாமி இம்மானுவேல் கச்சேரி: மேடையில் உண்மையிலேயே ஒரே ஆள்தானா?

கேள்வி:
ஆஸ்திரேலிய கிடார் கலைஞர் டாமி இம்மானுவேலின் காணொளிகளில் பேஸ் (கீழ்ஸ்தாயி ஒலி), தாளம், மெட்டு மூன்றும் சேர்ந்தே கேட்கிறது. லூப்பர் (வாசித்ததைப் பதிவுசெய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் கருவி) ஏதாவது ஓடுகிறதா? டிக்கெட் விலையைப் பார்த்துத் தயங்குகிறேன். நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
லூப்பர் இல்லை. கட்டைவிரலில் மாட்டிய பிக் (தந்தி மீட்டும் சிறு தகடு) பேஸைப் பார்த்துக்கொள்ளும், மற்ற விரல்கள் மெட்டை. அமெரிக்க கிடார் கலைஞர் செட் அட்கின்ஸின் வழி. அவரே 1999இல் இவருக்கு ‘சர்டிஃபைட் கிடார் பிளேயர்’ பட்டம் கொடுத்தார்.

பதில் 2:
சிட்னியில் பார்த்தேன். வேகத்தைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள், எனக்கு அது இரண்டாம்பட்சம். மெதுவான மெட்டில் ஒரு ஸ்வரத்தை நீட்டிவிட்டுக் காத்திருப்பார் பாருங்கள், அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. அப்புறம் டிரம் பிரஷ்ஷை எடுத்து மேட்டன் நிறுவன கிடாரின் மேல்பலகையிலேயே தேய்க்கிறார், உள்ளங்கையால் அடிக்கிறார். உள்ளே மைக் இருப்பதால் பெரிய டிரம் மாதிரி அதிர்கிறது. பலகையில் அந்த இடமெல்லாம் பாலிஷ் போய் மரம் தெரிகிறது! இவருக்கு நோட்டேஷன் (இசைக்குறியீடு) படிக்கத் தெரியாதாம், எல்லாம் காதால் கற்றது. நடுநடுவே ஜோக் வேறு.

கேள்வி கேட்டவர்:
சரி, எந்த வரிசையில் உட்காரலாம்?

பதில் 2:
முன்வரிசை வேண்டாம், கழுத்து வலிக்கும். வலது கை தெரிகிற இடமாகப் பார்த்து எடுங்கள்.