பின்பக்கம் தாழ்கிறது: ஏர் பேக் வைக்கலாமா, பட்டை சேர்க்கலாமா?

முட்டைவண்டி:
நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை ஏற்றும் பிக்அப் என்னுடையது. முழு லோடு ஏறியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. இரவில் எதிரே வருகிறவர்கள் கண் கூசித் திட்டுகிறார்கள். சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் ரப்பர் ஏர் பேக் ஜோடி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். பட்டறையில் கேட்டால், "பின் ஸ்பிரிங் கட்டில் இரண்டு இரும்புப் பட்டை சேர்த்துவிடலாம்" என்பதற்கு மேல் பேச மறுக்கிறார்கள். வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சேலத்துப் பட்டறை:
அவர்கள் சொன்னதுதான் சரி தம்பி. பட்டை ஒடிந்தால் எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம். வாளையாறு தாண்டி ரப்பர் பை கிழிந்தால் யாரைத் தேடுவீர்கள்? இன்னொன்று, பட்டை சேசிஸை முன்னும் பின்னும் இரண்டு இடங்களில் தாங்குகிறது. பை அச்சுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் ஏர் பேக் வைத்த பிக்அப்பில் கேரவன் மாட்டி இழுத்து, சேசிஸே வளைந்துபோன வண்டிகளின் படங்களைத் தேடிப் பாருங்கள்.

முட்டைவண்டி:
அண்ணா, கேரவன்காரர்களின் சுமை அச்சுக்கு வெகு பின்னால் கொக்கியில் தொங்குகிறது. என் சுமை தளம் முழுக்கப் பரவியிருக்கிறது. பட்டையைச் சேர்த்தால் வண்டி விறைத்துவிடும். குழிக்குக் குழி முட்டை உடையும். உடைசல் என் வாடகையில்தான் கழிகிறது. பையில் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். பட்டையில் முடியுமா?

சேலத்துப் பட்டறை:
சுமைக்கு ஏற்றபடி காற்றை ஏற்றிக்கொண்டே போனால் அந்தப் பையும் கட்டைதான். இதை விற்கிறவர்கள் சொல்வதில்லை.

மலைப்பாதை:
நான் வைத்திருக்கிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிற வண்டி, குறை ஒன்றும் இல்லை. ஆனால் மாட்டுகிற விதம் முக்கியம். இரண்டு பைகளுக்கும் தனித்தனிக் காற்றுக் குழாய் கேளுங்கள். ஒரே வால்வில் இணைத்துவிட்டால், வளைவில் அமுங்குகிற பக்கத்துக் காற்று மறுபக்கத்துக்கு ஓடிவிடும். வண்டி இன்னும் சாயும். காலியாகத் திரும்பும்போதும் 5 பிஎஸ்ஐயாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் ரப்பர் மடிப்பில் நசுங்கிக் கிழியும். சைலன்சர் குழாய் பையை ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள்.

அச்சாணி:
எல்லாரும் உயரத்தையே பேசுகிறீர்கள். எடை எங்கே போயிற்று? பை வைத்தாலும் பட்டை சேர்த்தாலும் அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையவைதான். வண்டி நிமிர்ந்து நிற்பதால் ஆர்சியில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூட ஏறாது. அதைத் தாண்டினால் 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

பிரேக்கையும் கவனியுங்கள். பல பிக்அப்களில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை ஒரு வால்வு கட்டுப்படுத்துகிறது. வால்வு சேசிஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் கம்பி நெம்பி, பின் சக்கரத்துக்குக் கூடுதல் பிரேக் கிடைக்கும். காற்றடித்து வண்டியைத் தூக்கிவிட்டால், அந்த வால்வைப் பொறுத்தவரை அது காலி வண்டி. ஒன்றரை டன்னோடு இறக்கத்தில் வருவீர்கள், பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். மாட்டுவதற்கு முன் அடியில் குனிந்து அந்தக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

சேலத்துப் பட்டறை:
அதை நாங்கள் சரிசெய்து கொடுத்துவிடுவோம்.

அச்சாணி:
எப்படி? கம்பியை வளைத்துக் கட்டியா? பட்டை சேர்த்தாலும் வண்டி உயரத்தான் செய்கிறது. நீங்கள் பட்டை ஏற்றிய வண்டிகளில் எத்தனைக்கு அந்த வால்வைக் கம்பெனி அளவின்படி திரும்ப வைத்தீர்கள்?

முட்டைவண்டி:
நான் ஓவர்லோடு ஏற்றுவதில்லை. எடை மேடைச் சீட்டு ஒவ்வொரு லோடுக்கும் இருக்கிறது. அப்படியும் தாழ்கிறதே?

அச்சாணி:
சட்ட எடைக்குள் இருந்தும் இவ்வளவு தாழ்கிறதென்றால் பட்டை தளர்ந்திருக்கிறது. காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை டேப்பில் அளந்து பாருங்கள். கண் கூசுகிறது என்றால் விளக்கைத் தாழ்த்தும் திருகு டாஷ்போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதைத் தொட்டதே இல்லை.

சேலத்துப் பட்டறை:
பட்டைதான் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

அச்சாணி:
நீங்கள் சேர்க்கச் சொன்னீர்கள். நான் மாற்றச் சொல்கிறேன்.

மலைப்பாதை:
புதுப் பட்டை மாற்றினாலும் முட்டைக்கு மெத்தென்று இருக்காது ஐயா. மாற்றிய பிறகு, வால்வையும் பார்த்துக்கொண்டு, குறைந்த காற்றில் பை வைப்பதில் என்ன தப்பு?

சேலத்துப் பட்டறை:
தப்பில்லை. செலவு இரண்டு.

முட்டைவண்டி:
நாளை காலி வண்டியை அளந்துவிட்டு அளவைப் போடுகிறேன். அந்த வால்வுக் கம்பி இருக்கிறது, இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். அதில் ஏற்கெனவே யாரோ கட்டுக்கம்பி சுற்றி வைத்திருக்கிறார்கள்.