துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பணத்துக்கும் நான் பிரீமியம் கட்ட வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவில் மூன்று தொழிலாளர்களுடன் கூரைப்பணி நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறேன். சென்ற ஆண்டு புயலுக்குப் பின் வேலை குவிந்ததால், இரண்டு வீடுகளின் கூரையை மாற்றும் பணியைப் பொருளும் கூலியும் சேர்த்து ஒரு துணை ஒப்பந்ததாரரிடம் விட்டேன். தன் ஆட்களுக்குத் தானே பொறுப்பு என்று அவர் கையெழுத்திட்டிருக்கிறார். ஊழியர் அல்லாதவருக்குக் கொடுத்த தொகையை வரித்துறைக்குக் காட்டும் 1099 படிவமும் கொடுத்துவிட்டேன். இப்போது தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டின் ஆண்டிறுதித் தணிக்கையில், அவருக்குக் கொடுத்த தொகை முழுவதையும் என் சம்பளக் கணக்கில் சேர்த்துக் கூடுதல் பிரீமியம் கேட்கிறார்கள். இது முறைதானா?

பதில் 1:
அந்தக் கையெழுத்து உங்கள் இருவருக்கும் இடையில் செல்லுமே தவிர, காயம்பட்ட தொழிலாளியைக் கட்டுப்படுத்தாது. துணை ஒப்பந்ததாரரிடம் காப்பீடு இல்லாவிட்டால் அவருடைய ஆட்களுக்கான இழப்பீடு முதன்மை ஒப்பந்ததாரரையே சேரும் என்பது பெரும்பாலான மாநிலங்களின் சட்டம். அவர்களில் ஒருவர் விழுந்திருந்தால் மருத்துவச் செலவும் ஊதிய இழப்பும் உங்கள் பாலிசியிலிருந்துதான் போயிருக்கும். யாரும் விழாததால் அந்தப் பொறுப்பே இருக்கவில்லை என்று ஆகிவிடாது. பிரீமியம் ஒவ்வொரு 100 டாலர் சம்பளத்துக்கும் இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. பல மாநிலங்களில் கூரைப்பணிக்குரிய 5551 என்னும் வகைப்பாட்டின் விகிதம் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று என்பதால்தான் தொகை மலைக்க வைக்கிறது.

ஆனால் முழுத் தொகையையும் சேர்த்தது எனக்குச் சரியாகப் படவில்லை. பல மாநிலங்கள் பின்பற்றும் விதிப்படி, அவருடைய உண்மையான சம்பளக் கணக்கு கிடைக்காதபோது, பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தத்தில் குறைந்தது 50 விழுக்காடும், கூலி மட்டும் என்றால் குறைந்தது 90 விழுக்காடும் சம்பளமாகக் கொள்ளப்படும். தணிக்கைத் தாளை வாங்கிப் பார்த்து, ஷிங்கிள் முதலிய பொருள்களின் பில்களுடன் எழுத்து மூலம் மறுப்பு அனுப்புங்கள்.

பதில் 2:
அதற்கு முன், வேலை நடந்த தேதிகளில் அவரிடம் பாலிசி இருந்ததா என்று கேளுங்கள். இருந்திருந்தால் காப்பீட்டுச் சான்றிதழை இப்போதும் பெற்றுத் தணிக்கையாளரிடம் கொடுக்கலாம். சான்றிதழை மட்டும் நம்பாமல், அதை வழங்கிய நிறுவனத்தை அழைத்துப் பாலிசி நடப்பில் இருந்ததா என்று உறுதிசெய்வது நல்லது. தவணை கட்டாமல் ரத்தான பாலிசியின் சான்றிதழும் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். உரிமையாளரை விலக்கிவிட்டு, ஆட்களே இல்லை என்று சொல்லிக் குறைந்த தொகைக்கு எடுக்கப்படும் பாலிசிகளும் உண்டு. அப்படியொன்றைக் காட்டியவர் நான்கு பேருடன் கூரையேறினால், அவ்விடத்திலேயே வேலையை நிறுத்திவிடுவேன்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. விசாரித்ததில், முதல் வீட்டு வேலையின்போது அவரிடம் பாலிசி இருந்தது. இரண்டாம் வேலைக்கு முன்பே அது காலாவதியாகிவிட்டது. முதல் வேலைக்குச் சான்றிதழையும், இரண்டாவதற்குப் பொருள் பில்களையும் இணைத்து மறுப்பு அனுப்பியிருக்கிறேன்.

பதில் 3:
தணிக்கைத் தாள் கையில் இருக்கும்போதே உங்கள் மூவரின் மிகைநேர ஊதியத்தையும் பாருங்கள். ஒன்றரை மடங்கு கூலி கொடுத்திருந்தால், அந்தக் கூடுதல் அரைப் பங்கைப் பெரும்பாலான மாநிலங்களில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பதிவேட்டில் அது தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும்.