மாட்டுக் கொத்துக்கறி ரெண்டாங், மேலே உருளைக்கிழங்கு மசியல்: ஓவனில் எப்படி வைப்பது?

பினாங்குத்தட்டு:
அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளுக்கு மறுநாள் எட்டுப் பேருக்கு விருந்து. ஒரு கிலோ மாட்டுக் கொத்துக்கறியை ரெண்டாங் (தேங்காய்ப்பால் வற்ற வற்றச் சமைக்கும் மலாய்க் கறி) மசாலாவில் சமைத்து, மேலே உருளைக்கிழங்கு மசியல் பரப்பி ஓவனில் வைக்கப் போகிறேன். தட்டு 23 × 33 செ.மீ., ஆழம் 5 செ.மீ. துண்டுக்கறி ரெண்டாங் நன்றாக வரும், கொத்துக்கறியில்தான் சந்தேகம். துண்டுக்கறிக்கு ஊற்றும் 700 மி.லி. தேங்காய்ப்பாலையே இதற்கும் ஊற்றலாமா? கெரிசிக் (வறுத்து இடித்த தேங்காய்) எவ்வளவு போடுவது? மசியல் உள்ளே இறங்கிவிடும், ஓரத்தில் எண்ணெய் நிற்கும் என்கிறார்களே, அதற்கு என்ன வழி? முதல் நாளே செய்து வைக்கலாமா?

கிள்ளான்_அடுப்படி:
வ அலைக்குமுஸ்ஸலாம் அக்கா. 700 வேண்டவே வேண்டாம். கெட்டிப் பால் 250 மி.லி. போதும்.

துண்டுக்கறியில் பால் மூன்று மணி நேரம் வற்றுகிற அந்த நேரத்தில்தான் கறி இளகுது. கொத்துக்கறிக்கு அந்த வேலையே கிடையாது, இருபது நிமிஷத்தில் வெந்துடும். அதுக்கு மேல அடுப்பில் கிடந்தா மணல் மாதிரி உதிர்ந்து வறண்டுடும். அதனால நேரத்தை மசாலாவுக்குக் கொடுங்க, கறிக்குக் கொடுக்காதீங்க.

அரைக்க: சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 6 பல், இஞ்சி 25 கிராம், லெங்குவாஸ் (பேரரத்தை) 30 கிராம், செராய் (எலுமிச்சைப்புல்) 4 தண்டு, ஊறவைத்து விதை எடுத்த காய்ந்த மிளகாய் 15, பச்சை மஞ்சள் விரல் நீளத்தில் ஒரு துண்டு. செராயில் அடியில் இருக்கிற வெள்ளைப் பகுதி மட்டும். அதைக் குறுக்கே மெல்லிசா சீவிட்டுத்தான் மிக்சியில் போடணும். நீளத் துண்டா போட்டா நார் அரைபடாது. துண்டுக்கறியில் அது தெரியாது, கொத்துக்கறியில் ஒவ்வொரு வாய்க்கும் பல்லில் மாட்டும். லெங்குவாஸுக்கும் இதேதான்.

முதல்ல கறி. அகலமான சட்டியை நல்லா சூடாக்கி, கறியை இரண்டு தடவையா பிரிச்சுப் போடுங்க. ஒரே தடவையில் ஒரு கிலோவையும் கொட்டினா சட்டி சூடு இறங்கி, கறி தண்ணி விட்டு அதிலேயே வெந்து சாம்பல் நிறமாயிடும். தண்ணி வத்தி, அடியில் பழுப்பு பிடிச்சதும் எடுத்து வடிகட்டியில் போடுங்க.

அதே சட்டியில் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, அரைத்த மசாலா, மல்லித்தூள் 1 மேசைக்கரண்டி, சீரகத்தூளும் சோம்புத்தூளும் தலா 1 தேக்கரண்டி. மிதமான தீயில் 20 நிமிஷமாவது வதக்கணும். பச்சை வாடை போய், மசாலா சட்டியை விட்டு விலகி, நிறம் செங்கல் சிவப்புக்கு வரணும். இதை அவசரப்படுத்தினா பின்னால எதைச் சேர்த்தாலும் சரியாகாது. பிறகு தேங்காய்ப்பாலை ஊற்றி, கறி போடறதுக்கு முன்னாடியே பாதியா வத்த விடுங்க. அப்புறம் கறி, அசாம் கெப்பிங் (புளிப்புக்குப் போடும் உலர்ந்த பழத்துண்டு) 2 துண்டு, குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) 20 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. சிறு தீயில் 15 நிமிஷம்.

கடைசியில் கெரிசிக் 4 மேசைக்கரண்டி. 100 கிராம் தேங்காய்த் துருவலைச் சிறு தீயில் கரும்பழுப்பா வறுத்து, சூடு ஆறும் முன்னே எண்ணெய் கசியும் வரை இடிச்சா கிட்டத்தட்ட அவ்வளவு வரும். மிச்சம் இருக்கிற ஈரத்தை அது குடிச்சிடும். கரண்டியால் சட்டியின் அடியை ஒரு கோடு இழுத்தா, அந்தக் கோடு உடனே மூடாம நிக்கணும். அதுதான் பதம்.

மாவுப்பதம்:
மேலே சொன்ன அளவுகள் சரி. எண்ணெய் நிற்பதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ரெண்டாங் என்றால் எண்ணெய் பிரிந்தே ஆக வேண்டும். சட்டியில் அது அழகு, தட்டில் அது பிரச்சினை. ஓவன் சூட்டில் எண்ணெய் மேலேறி மசியலை நனைத்துவிடும். கொழுப்பு 10 முதல் 15 சதவீதம் உள்ள கொத்துக்கறியாகக் கேட்டு வாங்குங்கள். சமைத்து முடித்ததும் சட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்து, ஒதுங்கும் எண்ணெயை வழித்தெடுங்கள். தூக்கிப் போடாதீர்கள், பரிமாறும்போது மஞ்சள் சோற்றில் கலந்தால் அவ்வளவு மணம்.

பெட்டித் தேங்காய்ப்பால் என்றால் எண்ணெய் பிரியக் காத்திருக்க வேண்டாம். பலவற்றில் நிலைப்படுத்தி சேர்த்திருப்பார்கள், அது சுலபத்தில் பிரியாது. பிரியவில்லையே என்று கிண்டிக்கொண்டே இருந்தால் அடிப்பிடிக்கும்.

பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூவை முழுதாகப் போட்டால் துணியில் முடிந்து போடுங்கள். மசியலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் கிராம்பு யார் வாயிலாவது சிக்கும். அசாம் கெப்பிங்கையும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். லிமாவ் பூருட் (காஃபிர் எலுமிச்சை) இலை ஆறை நடு நரம்பு நீக்கி, மஞ்சள் இலை ஒன்றோடு சேர்த்து முடி போல நறுக்கி, அடுப்பை அணைத்த பிறகு கலக்குங்கள். கொதிக்கவிட்டால் மணம் போய்விடும்.

மசியலுக்கு மாவுத்தன்மையுள்ள கிழங்கு 1.2 கிலோ, ரஸ்ஸெட் வகை கிடைத்தால் நல்லது. தோலோடு வேகவைத்து உரித்து, வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் புரட்டி ஈரத்தைப் போக்குங்கள். வெண்ணெய் 60 கிராம், மஞ்சள் கரு 2, கெட்டித் தேங்காய்ப்பால் 3 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. கையால் மசியுங்கள், மிக்சியில் போட்டால் பசையாகிவிடும். சுடச்சுட இருக்கும் கறிமேல் மசியலைப் போடுவதால்தான் அது இறங்குகிறது. கறி முழுதாக ஆறி இறுகிய பின், ஓரங்களை முதலில் அடைத்து நடுவை நோக்கிப் பரப்புங்கள். முள்கரண்டியால் வரி போட்டு, 200 டிகிரியில் 30 நிமிடம். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

தீவுக்காரன்:
மசியல்தான் வேண்டும் என்றில்லை. இதே வழியில் தென்னாப்பிரிக்காவின் கேப் மலாய் மக்கள் செய்யும் பழைய பண்டம் ஒன்று உண்டு, போபோட்டி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் தென்னாப்பிரிக்க முனையான கேப்பில் குடியேற்றம் அமைத்த பிறகு, இந்தோனேசியத் தீவுகளிலிருந்து அடிமைகளாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் பலரைக் கொண்டுபோனது. அவர்கள் வழிவந்தவர்களின் சமையல் இது. மசாலாக் கொத்துக்கறியில் பாலில் ஊறிய ரொட்டியும் உலர்திராட்சையும் பாதாமிப்பழ (ஆப்ரிகாட்) ஜாமும் கலந்து, மேலே முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, எலுமிச்சை இலையோ பே இலையோ செருகிச் சுடுவார்கள்.

ரெண்டாங் கறிக்கும் இந்த மேல்பூச்சு நன்றாகப் பொருந்தும். முட்டை 4, பால் 250 மி.லி., தேங்காய்ப்பால் 150 மி.லி., உப்பு, சிட்டிகை மஞ்சள்தூள். கறியைக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்திச் சமப்படுத்திய பிறகே ஊற்றுங்கள், தளர்வாக இருந்தால் முட்டை அடிக்கு இறங்கிவிடும். சூடு 170-க்கு மேல் போனால் முட்டை திரிந்து நீர் விடும். 35 நிமிடம் கழித்து, தட்டை அசைத்தால் நடு மட்டும் லேசாக ஆட வேண்டும். கெரிசிக் போட்ட கறிக்கு ரொட்டி தேவையில்லை, இரண்டும் சேர்ந்தால் களியாகிவிடும்.

பினாங்குத்தட்டு:
ஜஸாகல்லாஹு கைரன். மசியலே வைக்கிறேன், பிள்ளைகள் விரும்புவார்கள். முதல் நாள் வேலையும் ஃபிரீசரும் பற்றி யாராவது சொல்லுங்கள்.

கிள்ளான்_அடுப்படி:
கறியை முதல் நாளே செய்யுங்க, மசாலா இன்னும் ஊறும். அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைச்சிடணும். மேலே உறையும் கொழுப்பைக் காலையில் சுரண்டி எடுக்கவும் வசதி. மசியலை அன்னைக்கே செஞ்சு பரப்புங்க. கறி குளிர்ந்திருக்கிறதால 180 டிகிரியில் 45 நிமிஷம் ஆகும், நடுவில் 75 டிகிரி வந்திருக்கணும். மேலே சிவக்கலைன்னா கடைசி ஐந்து நிமிஷம் மேல் சூடு மட்டும் போடுங்க.

ஃபிரீசரில் கறியை மட்டும் இரண்டு மாசம் வரை வைக்கலாம். மசியலை வைக்காதீங்க, உருகும்போது தண்ணி விடும். இலைகளையும் சூடு பண்ணும்போது புதுசா நறுக்கிப் போடுங்க.