மருத்துவ மாணவர்களிடம் உறுப்பு தான உறுதிமொழி வாங்கலாமா?

செங்காந்தள்:
முதலாம் ஆண்டிலேயே உறுப்பு தானம் பற்றி ஒரு வகுப்பு எடுத்து, அன்றைக்கே உறுதிமொழிப் படிவத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. கருத்துக்கணிப்புகளில் தானத்தை ஆதரிக்கும் மாணவர்கள் நிறையப் பேர். பதிவு செய்தவர்களோ கொஞ்சம் பேர்தான். நாளைக்கு நோயாளியின் குடும்பத்தாரிடம் தானம் கேட்கப் போகிறவர்கள் இவர்கள். தான் தரத் தயங்குவதை அடுத்தவரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

முகில்வண்ணன்:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. படிவத்தை நீட்டுபவர் யார்? உள்மதிப்பீட்டுக்கு மார்க் போடும் அதே ஆசிரியர். மறுத்தால் தனக்கு ஒரு பாதிப்பும் வராது என்று மாணவருக்குத் தெரிந்திருந்தால்தான் அது சம்மதம். அறநெறிப் பாடத்தை அறநெறியை மீறியா தொடங்குவது?

இன்னொன்று, கையெழுத்து அறிவுக்கு அத்தாட்சி ஆகாது. கோமா, வெஜிடேட்டிவ் நிலை, மூளைச்சாவு மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் இருக்கிறார்கள். வெஜிடேட்டிவ் நிலையில் இருப்பவர் தானாக மூச்சு விடுவார், கண் திறப்பார், தூங்கி விழிப்பார். மூளைச்சாவில் மூளைத்தண்டின் அனிச்சைச் செயல் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது, மூச்சும் எழாது. இந்த வித்தியாசம் பிடிபடாதவர் போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

செங்காந்தள்:
மார்க் போடுபவர் வாங்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். யார் பதிந்தார்கள் என்று கல்லூரிக்கே தெரியாமல் இணையத்தில் பதியட்டும். மூளைச்சாவை வகுப்பில் விளக்கினால் புரியாதா என்ன?

இரவுப்பணி:
வகுப்பில் புரியும், வார்டில் ஆட்டம் காணும். ஐசியூவில் பக்கத்தில் நின்று பார்க்க வைக்க வேண்டும்.

மூளைச்சாவுச் சோதனைக்கு முன் உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும், சிஸ்டாலிக் ரத்த அழுத்தம் (மேல் அளவு) 100-க்குக் குறையக் கூடாது, மயக்க மருந்தோ தசை தளர்த்தியோ உடலில் மிச்சம் இருக்கக் கூடாது. இங்கே கோட்டை விட்டால் அதன்பின் செய்யும் எதுவும் செல்லாது. அடுத்து மூளைத்தண்டு அனிச்சைகள்: கண்மணியில் வெளிச்சம், கருவிழியில் பஞ்சு, இருமல். தலையை 30 டிகிரி உயர்த்தி, காதில் சுமார் 50 மி.லி. ஐஸ் தண்ணீர் விட்டு, கண் நகர்கிறதா என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். மறு காதுக்குப் போகுமுன் 5 நிமிட இடைவெளி.

கடைசியில் ஆப்னியா டெஸ்ட், அதாவது தானாக மூச்சு எழுகிறதா என்று பார்க்கும் சோதனை. 10 நிமிடம் 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து, வென்டிலேட்டரைக் கழற்றி, மூச்சுக்குழாயில் மெல்லிய குழாய் வழியே ஆக்சிஜன் விட்டு, நெஞ்சையும் வயிற்றையும் துணி விலக்கி 8 முதல் 10 நிமிடம் பார்க்க வேண்டும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 60 மி.மீ. பாதரசத்தை எட்டி, தொடக்க அளவைவிட 20 கூடிய பிறகும் மூச்சு எழாவிட்டால்தான் முடிவு. ஆக்சிஜனை வேகமாக விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும், அளவு ஏறாது. வென்டிலேட்டரைக் கழற்றாமல் திரையை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. இதயத் துடிப்பின் அதிர்வே சில நேரம் கருவியைத் தூண்டிவிடும். நோயாளி மூச்சு இழுப்பது போலவே திரையில் தெரியும்.

மூளைச்சாவுக்குப் பிறகும் தண்டுவட அனிச்சையால் சில நேரம் இரண்டு கைகளும் மேலெழுந்து நெஞ்சில் வந்து விழும். முன்பே சொல்லித்தராத மாணவர் உறவினர் எதிரிலேயே "அசைகிறாரே" என்பார். அதோடு அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை போச்சு.

முகில்வண்ணன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். கருத்துக்கணிப்புகளின் குறையும் இதுவே. இதயம் நின்றபின் பெறும் தானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் 5 நிமிடம் தொடாமல் காத்திருந்து மரணத்தை அறிவிக்கிறார்கள். சில முறைகளில், மூளைக்குப் போகும் ரத்தநாளங்களை அடைத்துவிட்டு, உடலுக்குள் ரத்த ஓட்டத்தை மீண்டும் தொடங்குகிறார்கள். ரத்த ஓட்டம் நின்றதால்தானே இறந்தார் என்றோம், அதை நாமே தொடங்கலாமா? அமெரிக்க மருத்துவர் கல்லூரி (American College of Physicians) என்ற மருத்துவர் சங்கம் 2021-இல் இதை நிறுத்திவைக்கச் சொன்னது, ஸ்பெயினில் செய்கிறார்கள். இந்த இடத்தில் தயங்கும் மாணவர் நன்றாக யோசிப்பவர். ஆனால் "விருப்பமா, இல்லையா" என்ற கேள்வித்தாள் அவரை எதிர்மறை மனப்பான்மைக் கணக்கில் சேர்த்துவிடும்.

செங்காந்தள்:
சந்தேகத்துக்கும் விலை உண்டு. எடுத்த இதயம் சாதாரணக் குளிர்பெட்டியில் 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். காத்திருப்போர் பட்டியலில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பெயினையே எடுத்துக்கொள்ளுங்கள், மறுக்காதவர் எல்லாரும் சம்மதித்தவர் என்று 1979-இலேயே சட்டம் போட்டார்கள்.

முகில்வண்ணன்:
சட்டம் வந்தது 1979, தானங்களின் எண்ணிக்கை ஏறியது 1989-இல் தேசிய உறுப்புமாற்று அமைப்பு வந்த பிறகு. மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை நியமித்தார்கள். பெரும்பாலும் ஐசியூ மருத்துவர்களே. இன்றும் அங்கே குடும்பத்தாரைக் கேட்காமல் எடுப்பதில்லை.

இரவுப்பணி:
செங்காந்தள், குடும்பத்தாரிடம் தானம் கேட்பது மாணவர் வேலையோ பயிற்சி மருத்துவர் வேலையோ அல்ல. மரணத்தை உறுதி செய்பவர் உறுப்புமாற்றுக் குழுவில் இருக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. முதலில் "இறந்துவிட்டார்" என்று தெளிவாகச் சொல்லி, அழ விட்டு, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அவர்களுக்குப் புரிந்த பிறகு ஒருங்கிணைப்பாளர் தனியாகப் பேச வேண்டும். "மெஷின்தான் உயிரோடு வைத்திருக்கிறது" என்ற ஒரு வாக்கியம் போதும், எல்லாம் கெட்டுவிடும். அதைச் சொல்லாதிருக்கப் பழக்குங்கள்.

செங்காந்தள்:
சரி, கேட்பவர் ஒருங்கிணைப்பாளர்தான். ஆனாலும் ஐசியூ வரும்வரை பேச்சே எடுக்காமல் இருப்பதை ஏற்க மாட்டேன். முதலாம் ஆண்டில் படிவம் வேண்டாம், வகுப்பு இருக்கட்டும். ஆப்னியா டெஸ்ட் பார்த்த பிறகு, இறுதியாண்டில், பதிவு இணைப்பைக் கொடுக்கலாம்.

முகில்வண்ணன்:
இணைப்பைக் கொடுங்கள், எத்தனை பேர் பதிந்தார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். அந்த எண்ணிக்கை துறையின் சாதனைப் பட்டியலில் ஏறிவிட்டால், அடுத்த வருடமே வற்புறுத்தல் தொடங்கிவிடும்.