2003-04 ஆர்சனல்: பழைய நாளிதழ்ப் பக்கங்கள் தேவை

உறவுகளே, கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கிலாந்து பிரீமியர் லீக் உதைபந்துத் தொடரில் 2003-04 பருவத்தின் 38 ஆட்டங்களிலும் ஆர்சனல் அணி தோற்கவேயில்லை. 26 வெற்றி, 12 சமநிலை. ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட் வீரர் வான் நிஸ்டல்ரூய் கடைசி நேரத்தில் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியதே, அது உள்ளே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை!

அந்தச் செய்திகளையெல்லாம் வெட்டிக் கொப்பியொன்றில் ஒட்டி வைத்திருந்தேன். 2009 இடப்பெயர்வில் அது தொலைந்தது. எவ்வளவோ இழந்தோம், ஆனாலும் மனம் அதைத் தேடுகிறது. இப்போது உதைபந்தே உலகமென்று திரியும் என் மகனுக்கு அதைக் காட்ட வேண்டும்.

யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ யாரிடமாவது அக்காலத் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்கள் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் போதும். டொட்டன்ஹாமுடன் 2-2 என முடித்துப் பட்டத்தை உறுதிசெய்தது 2004 ஏப்ரல் 25. அதற்கடுத்த நாள்களின் பத்திரிகைதான் முதலில் வேண்டும்.